புரொஜெக்டரைக் கடைசியில் வாங்குங்கள்: அறையில் திரையும் ஒளியும் அமைக்கும் முறை

புரொஜெக்டர் வாங்க நினைக்கும் பெரும்பாலோர் முதலில் பார்ப்பது புரொஜெக்டரைத்தான். எத்தனை லூமென் (ஒளியின் அளவு), 4கே உண்டா, வைஃபை உண்டா என்று ஒரு வாரம் ஒப்பிட்டுப் பார்த்து வாங்கிவிடுகிறார்கள். பெட்டி வந்து இறங்கிய பிறகுதான் அதை எங்கே வைப்பது என்ற கேள்வியே எழுகிறது. மேசையில் வைத்தால் நடப்பவர் நிழல் விழுகிறது. பின்சுவர் அலமாரியில் வைத்தால் படம் திரையைத் தாண்டி ஜன்னல் வரை போகிறது. கூரையில் மாட்டலாம் என்றால் நடுவில் மின்விசிறி.

தலைகீழாகப் போனால் இந்தச் சிக்கல் வராது. முதலில் உட்காரும் இடம், அப்புறம் திரையின் அளவு, அப்புறம் அதன் உயரம், அதிலிருந்து லென்ஸ் நிற்க வேண்டிய தூரம். இவ்வளவும் முடிவான பிறகு, அந்தத் தூரத்துக்குப் பொருந்துகிற புரொஜெக்டரைத் தேடுங்கள். ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களும் இதே வரிசையில் போகலாம். கடைசிப் படியில் தேர்வு சற்றுக் குறையும், அவ்வளவுதான்.

இதற்கு வேண்டியவை ஓர் அளவு நாடா, மாஸ்கிங் டேப், ரசமட்டம், கொஞ்சம் நூல், பென்சில். ட்ரில் கடைசி நாள் வரை பெட்டியிலேயே இருக்கட்டும்.

எந்தச் சுவர்?

திரைக்கான சுவரை வெளிச்சத்தை வைத்துத் தேர்ந்தெடுங்கள். ஜன்னலுக்கு நேர் எதிரே இருக்கும் சுவர்தான் இருப்பதிலேயே மோசமான இடம்; வரும் வெளிச்சமெல்லாம் திரை மேலேயே விழும். ஜன்னல் இருக்கும் சுவரிலேயே திரையை மாட்டினால் திரை தப்பிக்கும், ஆனால் ஓரத்து வெளிச்சம் பார்ப்பவர் கண்ணில் குத்தும். ஜன்னல் பக்கவாட்டில் அமைவதுதான் பெரும்பாலும் நல்லது. அதிலும் கனமான திரைச்சீலை போட்டுவிட்டால் கவலையில்லை.

வெளிச்சத்தைப் பற்றி ஏன் இவ்வளவு பேச்சு என்றால், புரொஜெக்டரால் கறுப்பை உமிழ முடியாது. படத்தில் இரவுக் காட்சி வரும்போது அது செய்வதெல்லாம் ஒளியைக் குறைப்பது மட்டுமே. அந்த நேரத்தில் திரை என்ன நிறத்தில் இருக்கிறதோ அதுதான் உங்கள் கறுப்பு. இதைச் சோதிக்க ஒரு வெள்ளைத் தாள் போதும். நீங்கள் வழக்கமாகப் படம் பார்க்கப்போகும் நேரத்தில், திரை வரவேண்டிய இடத்தில் தாளை ஒட்டிவிட்டு எதிரே போய் உட்காருங்கள். புரொஜெக்டர் இல்லாமலே அந்தத் தாள் பளிச்சென்று வெள்ளையாகத் தெரிந்தால், நாளை இரவுக் காட்சியும் அந்த வெள்ளைக்கு மேல்தான் ஓடும். தாள் மங்கலான சாம்பலாகத் தெரியும் வரை விளக்குகளை அணைத்தும் சீலைகளை மூடியும் பாருங்கள். எது எதை மூட வேண்டும் என்று அப்போதே தெரிந்துவிடும்.

சுவர்களின் நிறமும் இதில் சேர்த்திதான். திரையிலிருந்து திரும்பும் ஒளி வெள்ளைக் கூரையில் பட்டு மறுபடி திரைக்கே வந்து படத்தை வெளுக்கச் செய்யும். அறை முழுக்கக் கறுப்புப் பெயிண்ட் அடிக்க யாரும் சம்மதிக்கப் போவதில்லை. திரையை ஒட்டிய ஒரு மீட்டர் வரைக்குமாவது கூரைக்கும் பக்கச் சுவர்களுக்கும் பளபளப்பில்லாத அடர்நிறம் கொடுத்தால் வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

எவ்வளவு பெரிய படம்?

எல்லோருக்கும் 120 இஞ்ச் வேண்டும். அறைக்கு அது வேண்டுமா என்பது வேறு விஷயம்.

இஞ்ச் என்று சொல்வது மூலைக்கு மூலை அளவு. நமக்கு வேலைக்கு ஆகிற எண்கள் அகலமும் உயரமும்தான். இன்றைய தொலைக்காட்சிக்கான 16:9 வடிவத்தில் அகலம் மூலைவிட்டத்தில் 0.87 பங்கு, உயரம் 0.49 பங்கு. அதாவது 100 இஞ்ச் திரையில் படம் சுமார் 221 செ.மீ. அகலம், 125 செ.மீ. உயரம். 120 இஞ்ச் என்றால் 266-க்கு 149. இது படம் மட்டும். சுற்றியுள்ள கறுப்பு ஓரமும் சுருட்டுத் திரையின் உறையும் தனி.

கண்ணுக்கும் திரைக்கும் இடையிலான தூரத்தை வைத்து அகலத்தைக் கணக்கிடலாம். திரை நம் பார்வையில் 30 முதல் 40 டிகிரி வரை நிறைந்தால் பெரும்பாலோருக்குப் பிடிக்கும். கணக்காகச் சொன்னால், தூரம் படத்தின் அகலத்தைப்போல் 1.4 மடங்கிலிருந்து 1.9 மடங்கு வரை. சினிமாவுக்கு மட்டும் என்றால் முதல் எண்ணை ஒட்டி வரலாம். செய்தி, விளையாட்டு என்று நாள் முழுக்க ஓடுகிற திரைக்கு இரண்டாவது எண்தான் கண்ணுக்கு இதம்.

ஓர் அறையை எடுத்துக்கொள்வோம்: நீளம் 5 மீட்டர், அகலம் 3.6 மீட்டர், உயரம் 2.9 மீட்டர். அகலம் குறைந்த சுவரில் திரை. பின்சுவரோடு ஒட்டாமல் சோஃபாவைச் சற்று முன்னே இழுத்துப் போட்டால் கண் திரையிலிருந்து 3.4 மீட்டரில் இருக்கிறது. அதை 1.54-ஆல் வகுத்தால் 2.2 மீட்டர் அகலம். சரி, 100 இஞ்ச். அதே இடத்தில் 120 இஞ்ச் போட்டால் 1.3 மடங்குதான் வரும். முன்வரிசையில் டிக்கெட் கிடைத்தவர் நிலைதான்.

வகுப்பறைக்கும் கூட்ட அறைக்கும் கணக்கு வேறு. அங்கே அனுபவம் முக்கியமல்ல, எழுத்து தெரிய வேண்டும். கடைசி வரிசையில் இருப்பவரின் தூரம், படத்தின் உயரத்தைப்போல் ஆறு மடங்கைத் தாண்டக் கூடாது. சின்ன எண்கள் நிறைந்த அட்டவணைகள் காட்டுவீர்கள் என்றால் நான்கு மடங்கு. வெறும் வீடியோ என்றால் எட்டு வரை ஓடும். 8 மீட்டர் ஆழமுள்ள அறையில் உரை படிக்க வேண்டுமானால் படம் குறைந்தது 1.33 மீட்டர் உயரம் இருக்க வேண்டும். 16:9-இல் அது ஏறக்குறைய 107 இஞ்ச்.

அளவு முடிவானதும் சுவரில் மாஸ்கிங் டேப்பால் அந்தச் செவ்வகத்தை ஒட்டிவிடுங்கள். இரண்டு மூன்று நாள் அது அங்கேயே இருக்கட்டும். கதவு திறக்கும்போது இடிக்கிறதா, ஸ்பீக்கருக்கு இடம் இருக்கிறதா, சோஃபாவின் ஓரத்தில் இருப்பவருக்குக் கழுத்து திரும்புகிறதா என்பதெல்லாம் அளவு நாடாவில் தெரியாது. டேப்பைப் பார்த்துப் பழகினால் தெரியும்.

எவ்வளவு உயரத்தில்?

வீட்டில் பொதுவாக எல்லோரும் செய்வது திரையை மிக உயரத்தில் மாட்டுவது. சுவரில் படம் மாட்டுவதுபோல் நின்றுகொண்டே உயரம் குறிக்கிறார்கள், பார்ப்பதோ உட்கார்ந்து. சோஃபாவில் சாதாரணமாகச் சாய்ந்திருக்கும்போது கண் தரையிலிருந்து 100 முதல் 110 செ.மீ. உயரத்தில் இருக்கும். யாரையாவது உட்காரவைத்து அளந்துவிடுங்கள். அந்த உயரம் படத்தின் கீழ் மூன்றில் ஒரு பங்கில் வந்து நின்றால் கழுத்துக்குச் சுகம். நம் எடுத்துக்காட்டில் கண் 105 செ.மீ. என்றால், படத்தின் கீழ் ஓரம் தரையிலிருந்து சுமார் 64 செ.மீ.

இது முடியாத அறைகள் உண்டு. கீழே அலமாரி இருக்கலாம், முன்னே இன்னொரு வரிசை இருக்கலாம். அப்போது உயர்த்துங்கள், ஆனால் பார்வை படத்தின் நடுவுக்கு மேல்நோக்கி 15 டிகிரிக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வகுப்பறையில் முன்னிருப்பவர் தலை மறைக்காமல் இருக்கக் கீழ் ஓரத்தைத் தரையிலிருந்து 120 செ.மீ. அளவுக்கு ஏற்றுவது வழக்கம். கூரை உயரமான அறையில் சுருட்டுத் திரை வாங்கினால், படத்துக்கு மேலே கூடுதல் கறுப்புத் துணி உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள். உறை கூரையில் இருக்கும், படம் கண்ணுக்கு நேரே இறங்கிவிடும்.

லென்ஸ் எங்கே நிற்கும்?

இனிதான் புரொஜெக்டர் வருகிறது. அதன் விவரக்குறிப்பில் த்ரோ ரேஷியோ என்று ஓர் எண் இருக்கும். லென்ஸிலிருந்து திரைக்குள்ள தூரத்தைப் படத்தின் அகலத்தால் வகுத்தால் வருவது. 1.5 என்றால் 2 மீட்டர் அகலப் படத்துக்கு 3 மீட்டர் தூரம் வேண்டும். வீட்டுக்கான சாதாரண புரொஜெக்டர்களில் பல 1.2-இலிருந்து 1.6 வரைக்குள் இருக்கும். 1-க்குக் குறைந்தால் ஷார்ட் த்ரோ, 0.4-க்கும் கீழே போனால் அல்ட்ரா ஷார்ட் த்ரோ என்று விற்கிறார்கள்.

ஜூம் உள்ள கருவியில் இரண்டு எண்கள் இருக்கும். 1.3 முதல் 1.56 வரை என்று போட்டிருந்தால், நம் 221 செ.மீ. அகலப் படத்துக்கு லென்ஸ் 2.87 மீட்டருக்கும் 3.45 மீட்டருக்கும் நடுவில் எங்கே வேண்டுமானாலும் நிற்கலாம். விளிம்பில் போய் நிற்காதீர்கள். குறிப்பில் உள்ள எண்ணும் கையில் உள்ள கருவியும் சில செ.மீ. வேறுபடுவது சகஜம், கூரையில் நான்கு ஓட்டை போட்ட பிறகு படம் 3 செ.மீ. குறைந்து நின்றால் என்ன செய்வீர்கள்? 3.1, 3.2 மீட்டர் என்று நடுவில் வைத்தால் இருபக்கமும் நகர இடம் இருக்கும். அருகில் வைத்து ஜூமை விரித்தால் வெளிச்சம் கூடும், தூரத்தில் வைத்து இறுக்கினால் குறையும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். நம் அறையில் பின்சுவர் அலமாரியில் புரொஜெக்டரை வைக்க ஆசைப்பட்டால், பெட்டியின் ஆழம், கேபிள், காற்றோட்டம் எல்லாம் போக லென்ஸ் திரையிலிருந்து 4.5 மீட்டரில் நிற்கும். 4.5-ஐ 2.21-ஆல் வகுத்தால் 2.04. மேலே சொன்ன கருவியில் அது நடக்காது. ஜூமை முழுவதும் இறுக்கினாலும் படம் 2.88 மீட்டர் அகலத்துக்கு விரிந்து கிடக்கும். ஆக, கூரையா, நீண்ட ஜூம் உள்ள வேறு கருவியா என்று வாங்குவதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. இந்த ஒரு வகுத்தல் கணக்கைப் போடாததால்தான் பலருடைய புரொஜெக்டர் ஸ்டூல் மேல் உட்கார்ந்திருக்கிறது.

அளக்கும்போது பெட்டியிலிருந்து அளக்காமல் லென்ஸின் முகப்பிலிருந்து அளக்க வேண்டும். பல கருவிகளில் லென்ஸ் பெட்டியின் நடுவிலும் இருக்காது, ஓரமாக இருக்கும். திரையின் நடுக்கோட்டோடு சேர வேண்டியது லென்ஸ்தான். பெட்டியை நடுவில் மாட்டிவிட்டுப் படம் ஒருபக்கம் தள்ளி நிற்கிறதே என்று தவிப்பவர்கள் நிறைய.

மேலே, கீழே

தூரத்தைப் போலவே உயரத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. பெரும்பாலான புரொஜெக்டர்கள் லென்ஸுக்கு நேராகப் படத்தின் நடுவைப் போடுவதில்லை. மேசையில் வைத்தால் படம் லென்ஸைவிட உயரத்தில் விழும். கூரையில் தலைகீழாக மாட்டினால் லென்ஸுக்குக் கீழே விழும். இதை ஆஃப்செட் என்பார்கள். ஒரு கருவியில் லென்ஸ் படத்தின் மேல் ஓரத்தைவிடப் பட உயரத்தில் 10 சதவீதம் மேலே இருக்க வேண்டும் என்றால், 125 செ.மீ. படத்துக்கு அது 12, 13 செ.மீ.

நம் அறைக்குப் போட்டுப் பார்க்கலாம். படத்தின் கீழ் ஓரம் 64 செ.மீ., மேல் ஓரம் 189. லென்ஸ் 2 மீட்டருக்குச் சற்று மேலே நிற்க வேண்டும். கூரையோ 2.9 மீட்டர். அதாவது கிட்டத்தட்ட 90 செ.மீ. நீளத்துக்குக் குழாய் விட்டு, நடப்பவர் நெற்றியில் இடிக்கிற உயரத்தில் புரொஜெக்டர் தொங்கும். இது சரிப்படாது. படத்தை 20 செ.மீ. உயர்த்தினால் கீழ் ஓரம் 84, மேல் ஓரம் 209, லென்ஸ் 2.22 மீட்டர், குழாயும் பெட்டியும் சேர்ந்து 68 செ.மீ. போதும். பார்வை படத்தின் நடுவுக்கு 7 டிகிரிதான் ஏறுகிறது, கழுத்துக்கு ஒன்றும் ஆகாது. இப்படிக் கொஞ்சம் அங்கே விட்டுக்கொடுத்து, கொஞ்சம் இங்கே பிடித்துத்தான் எல்லா அறையும் அமையும்.

லென்ஸ் ஷிஃப்ட் உள்ள கருவி என்றால் இந்தத் தலைவலி பெரிதும் குறையும். பெட்டி நேராகவே இருக்க, உள்ளே லென்ஸை மட்டும் மேலும் கீழும் நகர்த்திப் படத்தை இறக்கலாம். ஒளியியலில் நடக்கும் நகர்த்தல் என்பதால் படத்தின் தரம் கெடாது. கூடுதல் காசுக்குத் தகுந்த வசதிகளில் இதை நான் முதலில் வைப்பேன்.

கீஸ்டோன் அப்படியல்ல. புரொஜெக்டரை அண்ணாத்தி வைத்தால் படம் மேலே அகலமாகவும் கீழே ஒடுங்கியும் சரிவகமாகும். அதை மெனுவில் செவ்வகமாக்குவதுதான் கீஸ்டோன். பார்க்க மாயம் போல இருக்கும். உண்மையில் உள்ளே படத்தை உருவாக்கும் சில்லு அதே செவ்வகமாகத்தான் இருக்கிறது. அதன் ஓரப் புள்ளிகளை அணைத்துவிட்டு, மிச்சத்தில் படத்தைச் சுருக்கித் திணிக்கிறார்கள். கூர்மை குறைகிறது, வெளிச்சமும் குறைகிறது. இருட்டில் உற்றுப் பார்த்தால் அணைத்த பகுதி படத்தைச் சுற்றி மங்கிய சாம்பல் பட்டையாகத் தெரியும். இப்போதைய சின்ன புரொஜெக்டர்கள் தாமாகவே இதைச் செய்துகொள்வதால், எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம் என்று விளம்பரம் வருகிறது. மொட்டைமாடியில் ஒருநாள் படம் பார்க்க அது சரி. நிலையாக அமைக்கும் அறையில் கீஸ்டோன் பூஜ்யத்தில் இருக்க வேண்டும், அதிகம் போனால் ஒன்றிரண்டு புள்ளி.

லூமென் கணக்கு

இதைச் சுருக்கமாக முடிக்கலாம். லூமெனைப் படத்தின் பரப்பால் வகுத்து, மறுபடி 3.14-ஆல் வகுத்து, திரையின் கெயினால் (திரை ஒளியை எவ்வளவு பார்வையாளர் பக்கம் திருப்புகிறது என்ற எண்) பெருக்கினால் திரையின் பிரகாசம் நிட் அளவில் கிடைக்கும். 100 இஞ்ச் படத்தின் பரப்பு 2.75 சதுர மீட்டர். திரையரங்குகளுக்கான தரநிலை 48 நிட். அதை எட்ட, முழு இருட்டில், கெயின் 1 உள்ள திரையில் 415 லூமென் போதும்!

அப்படியானால் 3000 லூமென் எதற்கு? பெட்டியில் போட்டிருப்பது பெரும்பாலும் நிறம் பச்சையடிக்கும் அதிகபட்ச நிலையின் அளவு. நிறம் சரியாக இருக்கும் நிலைக்கு மாற்றினால் பாதியாகக்கூடக் குறையலாம். விளக்கு பழசாகப் பழசாக இன்னும் இறங்கும். அதற்கு மேல் அறையின் வெளிச்சம். நன்றாக இருட்டாக்க முடிகிற அறைக்கு 1500 முதல் 2000 வரை தாராளம். விளக்கு எரிகிற அறைக்கு 3000-க்கு மேல் பாருங்கள். எண்ணுக்குப் பக்கத்தில், அளவீட்டுத் தரநிலையின் பெயராக, ஆன்சி என்றோ ஐஎஸ்ஓ 21118 என்றோ இருக்கிறதா என்று கவனியுங்கள். வெறுமனே ‘9000 லூமென்’ என்று மட்டும் போட்ட மலிவான பெட்டியின் எண்ணுக்கு எந்த மதிப்பும் இல்லை.

எந்தத் திரை?

பளபளப்பில்லாத வெள்ளை, கெயின் 1. இருட்டாக்க முடிகிற அறைக்கு இதைவிட்டு வேறெங்கும் தேட வேண்டாம். கெயின் அதிகமான திரை வெளிச்சத்தைக் கூட்டுவதில்லை, ஒரு திசையில் குவிக்கிறது. நடுவில் இருப்பவருக்குப் பளிச், ஓரத்தில் இருப்பவருக்கு மங்கல். சாம்பல் திரை கறுப்பைச் சற்று ஆழமாக்கும், பதிலுக்கு வெளிச்சத்தைக் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். சுற்றுப்புற வெளிச்சத்தைத் தள்ளும் திரைகள் நன்றாகவே வேலை செய்கின்றன. ஆனால் அல்ட்ரா ஷார்ட் த்ரோவுக்கென்று செய்த திரை, கீழிருந்து வரும் ஒளியைப் பார்வையாளருக்கு அனுப்பி, மேலிருந்து வருவதை விழுங்கும்படி வரியிட்டது. கூரையில் புரொஜெக்டரை மாட்டிவிட்டு அதை வாங்கினால் புரொஜெக்டர் ஒளியையே அது விழுங்கிவிடும்.

சட்டத்தில் இழுத்துக் கட்டிய திரை எப்போதும் தட்டையாக இருக்கும். சுருட்டுத் திரையில் நாளடைவில் அலை விழும். சாதாரண தூரத்தில் அது அவ்வளவாகத் தெரியாது. அல்ட்ரா ஷார்ட் த்ரோவில் சிறு சுருக்கம்கூடக் கோடுகளை வளைத்துக் காட்டிவிடும். கையில் காசு இறுக்கமாக இருந்தால், மட்டமாகப் பூசிய சுவரில் பளபளப்பில்லாத வெள்ளை அடித்து, சுற்றிலும் கறுப்புப் பட்டை ஒட்டியே தொடங்கலாம். அந்தக் கறுப்பு ஓரம்தான் படத்துக்குப் பாதி அழகு.

ஒத்திகை

ட்ரில்லை எடுக்கும் முன் ஒரு மாலை ஒத்திகைக்கு ஒதுக்குங்கள். ஏணி மேலோ, மேசை மேல் ஸ்டூல் வைத்தோ, கணக்கில் வந்த இடத்தில் லென்ஸ் நிற்கும்படி புரொஜெக்டரை வைத்து ஓட்டிப் பாருங்கள். தலைகீழாக மாட்டப்போகும் கருவியை ஒத்திகைக்கு நிமிர்த்தியே வைக்கலாம். படம் மேலே போகும், பரவாயில்லை. இப்போது பார்க்க வேண்டியது அகலம் டேப்புக்குச் சரியாக வருகிறதா, ஒளி போகும் வழியில் மின்விசிறியின் இறக்கையோ தொங்கும் விளக்கோ குறுக்கிடுகிறதா, புரொஜெக்டருக்குள் ஓடும் விசிறியின் சத்தம் உட்காரும் இடத்தில் எவ்வளவு கேட்கிறது என்பதுதான். மின்விசிறி ஒளிக்கற்றையின் ஓரத்தில் பட்டால்கூடப் படத்தின் ஒரு மூலை படபடவென்று வெட்டும்.

நடுக்கோட்டைக் கூரைக்குக் கொண்டுபோகும்போது பக்கச் சுவரிலிருந்து அளக்காதீர்கள். அறைகள் பெரும்பாலும் உண்மையான செங்கோணத்தில் இருப்பதில்லை. திரையின் நடுவிலிருந்து தரையில் ஒரு கோடு இழுத்து, அது திரைச் சுவருக்குச் செங்குத்தாக இருக்கிறதா என்று 3-4-5 முறையில் சரிபாருங்கள்: சுவரோரம் 90 செ.மீ., கோட்டில் 120 செ.மீ. குறித்தால் குறுக்கே 150 வர வேண்டும். அந்தக் கோட்டில் லென்ஸின் தூரத்தைக் குறித்து, கூரையிலிருந்து தூக்குக்குண்டை இறக்கி அந்தப் புள்ளியைத் தொட வையுங்கள். கூரையில் லென்ஸின் இடம் அதுதான். தாங்கியின் ஓட்டைகள் அங்கிருந்து எவ்வளவு பின்னால், எவ்வளவு பக்கவாட்டில் என்பதைக் கருவியைக் கவிழ்த்து அளந்து குறியுங்கள்.

ஃபால்ஸ் சீலிங் பலகையில் எக்காரணம் கொண்டும் எடையைத் தொங்கவிடக் கூடாது. குழாய் அதைத் துளைத்துக்கொண்டு மேலே கான்கிரீட்டையோ உத்திரத்தையோ பிடிக்க வேண்டும். ஆங்கர் போல்ட் போடுபவர் மின்கம்பி எங்கே ஓடுகிறது என்று தெரிந்துகொண்டு துளையிடட்டும். தாங்கிக்குத் துணையாக ஒரு கம்பிக் கயிறும் கட்டிவிடுங்கள். கீழே ஆட்கள் உட்காருகிறார்கள்.

கேபிள், காற்று

சுவருக்குள் கேபிள் போகும் குழாய், எச்டிஎம்ஐ பிளக்கின் தலை நுழையும் அளவுக்கு அகலமாக இருக்கட்டும். கம்பி மட்டும் நுழைகிற குழாய் போட்டுவிட்டால், பழுதான கேபிளை மாற்றச் சுவரை உடைக்க வேண்டிவரும். 4கே 60 பிரேம் படத்துக்குச் சாதாரண செம்புக் கேபிள் 5 மீட்டர் வரை நம்பலாம். அதற்கு மேல் ஆப்டிகல் (ஒளியிழை) எச்டிஎம்ஐ வாங்குங்கள். அதற்குத் திசை உண்டு: ஒரு முனை பிளேயருக்கு, மறுமுனை புரொஜெக்டருக்கு. குழாயில் இழுக்கும் முன் முனையைப் பார்த்துக்கொள்ளுங்கள், இழுக்கும் முன்பே ஒருமுறை தரையில் போட்டு ஓட்டியும் பாருங்கள்.

காற்று எந்தப் பக்கம் உள்ளே போகிறது, எந்தப் பக்கம் சூடாக வெளியே வருகிறது என்று கையை வைத்தாலே தெரியும். அந்த இரண்டு பக்கமும் கையேடு சொல்லும் இடைவெளியை விடுங்கள். கையேடு தொலைந்திருந்தால் 30 செ.மீ. விடுங்கள். மூடிய அலமாரிக்குள் வைத்து லென்ஸுக்கு மட்டும் ஓட்டை போடும் யோசனை பார்க்க அழகாக இருக்கும். சூடான காற்றே திரும்பத் திரும்பச் சுற்றிக் கருவி அணைந்து போகும்.

நேராக்குதல்

மாட்டியதும் மெனுவில் கூரை நிலையைத் தேர்ந்தெடுத்தால் படம் நிமிரும். கீஸ்டோனைப் பூஜ்யமாக்குங்கள், தானியங்கித் திருத்தத்தையும் அணைத்துவிடுங்கள். கட்டம் கட்டமான சோதனைப் படம் பெரும்பாலான கருவிகளில் உள்ளேயே இருக்கும், அதைப் போடுங்கள்.

முதலில் ரசமட்டத்தால் பெட்டியை இரு திசையிலும் மட்டமாக்குங்கள். அப்புறம் படத்தின் நான்கு ஓரங்களையும் அளந்து பாருங்கள். இடது ஓரம் வலது ஓரத்தைவிட உயரமாக இருந்தால் லென்ஸ் இடப்பக்கமாகத் திரும்பியிருக்கிறது, வலப்பக்கம் திருப்புங்கள். திருப்பியதும் படம் திரையைவிட்டு வலப்பக்கம் நகர்ந்தால், மறுபடி திருப்பி இழுக்க வேண்டாம், பெட்டியையே இடப்பக்கம் நகர்த்துங்கள். கீழ் ஓரம் அகலமாக இருந்தால் லென்ஸ் தலையைக் குனிந்திருக்கிறது, சற்று நிமிர்த்துங்கள். லென்ஸ் நடுக்கோட்டில் நிற்கிறதா என்று பார்க்க ஒரு சுலபமான சோதனை: லென்ஸிலிருந்து திரையின் இரண்டு மேல் மூலைகளுக்கும் நூல் பிடித்தால் நீளம் சமமாக இருக்க வேண்டும்.

நேராக்கிய பிறகு ஷிஃப்ட், அப்புறம் ஜூம், கடைசியில் ஃபோகஸ். போட்டவுடன் ஃபோகஸ் செய்யாதீர்கள். லென்ஸ் சூடாகும்போது கூர்மை சற்று மாறும். அரை மணி நேரம் ஓடவிட்டுச் செய்யுங்கள். திரைக்கு அருகே ஒருவர் நின்று எழுத்தைப் பார்த்துச் சொல்ல, இன்னொருவர் லென்ஸைத் திருப்பினால் வேலை சீக்கிரம் முடியும். நடு கூர்மையாகி ஒருபக்கம் மட்டும் மங்கலாக நின்றால் அது ஃபோகஸ் கோளாறு அல்ல, பெட்டி இன்னும் திரும்பியிருக்கிறது.

அல்ட்ரா ஷார்ட் த்ரோ வைத்திருப்பவர்கள் இந்தக் கட்டத்தில் பொறுமையாக இருக்க வேண்டும். ரேஷியோ 0.25 என்றால் பெட்டியை 1 செ.மீ. பின்னால் இழுத்தாலே படம் 4 செ.மீ. அகலமாகும். அது நிற்கும் மேசை ஆடாததாகவும் மட்டமாகவும் இருக்க வேண்டும். சரியாக அமைந்ததும் கால்களின் இடத்தை மேசையில் குறித்துவைத்துவிடுங்கள், துடைக்கும்போது நகர்ந்தால் திரும்ப வைக்க உதவும். தரையோரம் இருந்து மேல்நோக்கி அடிக்கும் ஒளி என்பதால், சின்னக் குழந்தைகள் எட்டிப் பார்க்காமல் கவனிக்கவும் வேண்டும்.

எல்லாம் சரியான பிறகு திருகுகளை இறுக்கி, இறுக்கும்போது அசைந்ததா என்று சோதனைப் படத்தில் மறுபடி பாருங்கள், கட்டாயம் அசைந்திருக்கும். ஒரு மாதம் கழித்து இன்னொரு முறை பாருங்கள். வடிகட்டி உள்ள கருவி என்றால் அன்றைக்கே அதைக் கழற்றித் தூசி தட்டிவிடலாம்.